பழைய படியில் ஒரு புதுப் பொம்மை

(பிளவக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளவக்கல்லுக்கு ரயில் கிடையாது. வத்திராயிருப்பைத் தாண்டி வந்தால் தோப்பு, அணை, அதற்குப் பின்னால் மலை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இந்த ஊரில் வந்து ரயில் பொம்மையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், கூட்டம் ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் யோசித்தார். ரயில் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குத்தான் ரயில் மேல் ஆசை அதிகம் என்று அவரிடம் சொன்னேன். என் கதையே அதுதான்.

நான் பிறந்ததும் ரயில் எட்டாத ஒரு கிராமத்தில். ஆடிப்பூரத்துக்கு அப்பா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப் போவார். ஆண்டாள் தேர் அசைந்து வரும்போது தோளில் ஏற்றிக் காட்டுவார். தேர் நகர்ந்து போனதும் ரதவீதிக் கடைகளில் பொம்மை பார்ப்போம். ஒரு வருஷம் அப்பா எனக்குத் தகர ரயில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம். சாவி கொடுத்து விட்டால் மூன்று சுற்றும் பாதியும் ஓடி நிற்கும். அந்தப் பாதிச் சுற்றை முழுதாக்க நான் செய்யாத வித்தை இல்லை.

அடுத்த வருஷம் அதே கடையில் வேறொரு ரயில் வந்திருந்தது. பச்சை நிறம், பெட்டி ஜன்னலில் மனிதர் முகம்கூட வரைந்திருந்தார்கள். அடம்பிடித்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பழைய தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் உட்காரவில்லை. வேறு யாரோ செய்தது, வேறு அளவு. ஒரு நெல்மணி அகலம்தான் வித்தியாசம். அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்தது இன்றும் நினைவிருக்கிறது. அந்த நெல்மணி அகலத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பெரிதாகப் பார்த்ததைச் சிறிதாகக் கையில் வைத்துக்கொள்ளும் ஆசை நமக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையில் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. தேர் ஓடிய காலத்தில் சிறுதேர் என்றால், ரயில் ஓடிய காலத்தில் சிறு ரயில். ஆனால் சிறுதேரை ஊர்த் தச்சர் ஒருவர் ஒரு பிள்ளைக்காகச் செய்து கொடுத்தார். சிறு ரயிலை ஒரு தொழிற்சாலை பல்லாயிரம் பேருக்காகச் செய்கிறது. சிக்கல் அங்கே பிறக்கிறது.

ஏனென்றால் அந்தத் தொழிற்சாலையின் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் இன்றைக்குக் கடைக்கு வந்தவர். பேரனுக்குப் பிறந்தநாள், கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். இன்னொருவர் முப்பது வருஷமாக வாங்குகிற ஆர்வலர். அவர் வீட்டு மாடியில் ஒரு ஸ்டேஷனே இருக்கும். எந்த எஞ்சினில் எத்தனை ஆணி என்று சொல்லிவிடுவார். முதல் ஆளை விட்டால் கல்லா நிறையாது. இரண்டாம் ஆளை விட்டால் பெயர் நிற்காது. இந்த இருவரையும் ஒரே திண்ணையில் எப்படி உட்கார வைப்பது?

முதலில் ஜெர்மனிக்குப் போவோம். அங்கே கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் மெர்க்லின் என்ற நிறுவனம் தொடங்கியது. முதலில் அவர்கள் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரப் பாத்திரங்கள், நம்மூர்ச் சொப்புச் சாமான் மாதிரி. சொப்பு விற்றவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். ஒரு குழந்தைக்கு அடுப்பு வாங்கிக் கொடுத்தால் அடுத்த மாதம் பானை வேண்டும், அதற்கடுத்து அம்மி வேண்டும். அந்த அறிவை அவர்கள் ரயிலில் இறக்கினார்கள். 1891இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் வைத்த ரயிலின் புதுமை எஞ்சினில் மட்டும் இல்லை. தண்டவாளம் நிலையான அளவில், துண்டு துண்டாக, மேலும் மேலும் சேர்க்கக்கூடியதாக இருந்தது. இந்த வருஷம் ஒரு வட்டம், அடுத்த வருஷம் ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்த வருஷம் ஒரு ஸ்டேஷன். முதலில் வாங்கியது எதுவும் வீணாகாது என்ற நம்பிக்கையை அவர்கள் விற்றார்கள்.

1935இல் மேசை மேல் ஓடுகிற சிறிய அளவை அவர்கள் கொண்டுவந்தபோது, மின்சாரம் நடுவில் ஒரு மூன்றாம் தண்டவாளம் வழியாக வந்தது. பார்வைக்கு அது பொய். நிஜப் பாதையில் நடுவே ஒரு கம்பி ஓடாது. 1953இல் அந்தக் கம்பியை எடுத்துவிட்டுச் சிறு சிறு புள்ளிகளாக மாற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கினார்கள். ஆனால் மின்சாரம் வரும் முறையை மாற்றவில்லை. தாத்தா வாங்கிய எஞ்சினைப் பேரன் தன் புதுப் பாதையில் ஓட்டலாம். மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு தண்டவாள முறைக்குப் போன பிறகும் அவர்கள் அதை விடவில்லை. ஆர்வலர்கள் அந்த நிறுவனத்தின் மேல் வைத்த பற்றுக்கு ஆணிவேர் இது.

சொன்ன சொல் தவறாதவருக்கும் கஷ்டகாலம் வரும். 150ஆம் ஆண்டைக் கொண்டாட வேண்டிய 2009இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் மனு கொடுத்தது. ஆனால் மூடவில்லை, மீண்டது. 2013இல் ஒரு பொம்மை நிறுவனக் குழுமம் அதை வாங்கிக்கொண்டது. வாங்கியவர்களுக்கு அதில் கட்டடத்தையும் எந்திரத்தையும் விட மதிப்புள்ள சொத்து, மூன்று தலைமுறையாக வீடுகளில் விரிந்து கிடந்த அந்தத் தண்டவாளம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி அமெரிக்காவுக்கு வாருங்கள். 1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர் மின்சாரத்தில் ஓடும் ஒரு திறந்த வண்டியைச் செய்தார். அது பொம்மையே இல்லை. கடை ஜன்னலில் சரக்கை ஏற்றிச் சுற்றவிட்டு, தெருவில் போகிறவரை நிறுத்துவதற்கான விளம்பரச் சாதனம். வந்தவர்களோ சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள். லயனல் ரயில்கள் பிறந்த கதை இது. புதுமை கண்டால் நிற்பது மனித இயல்பு. ஆர்வலர்கள் அதைக் குறை சொல்லக் கூடாது. இன்றைய ஆர்வலர் ஒவ்வொருவரும் ஒரு நாள் ஏதோ ஒரு கடை வாசலில் அப்படி நின்றவர்தான்.

லயனல் நிறுவனத்தின் இரண்டு புதுமைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1947இல் ஒரு பால் வண்டி வந்தது. வெள்ளைப் பெட்டி. அதை மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். உள்ளிருந்து ஒரு குட்டி ஆள் வந்து பால் கேனை மேடையில் தள்ளிவிட்டு உள்ளே போவார். மறுபடி அழுத்தினால் இன்னொரு கேன். பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பால் கேன் இறங்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பால் வண்டி குழந்தைகளுக்கு வேடிக்கை. ஆனால் ரயில் உண்மையில் செய்கிற வேலையைத்தான் அது செய்து காட்டியது. அதனால் பெரியவர்களும் வாங்கினார்கள். லயனல் மிக அதிகமாக விற்ற துணைக்கருவிகளில் அதுவும் ஒன்று.

பத்து வருஷம் கழித்து, 1957இல், பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு ரயில் போட்டார்கள். எஞ்சின் ரோஜா நிறம். பெட்டிகளுக்கு இளநீலம், இளமஞ்சள் என்று மிட்டாய் நிறங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் விற்கவில்லை. ரயில் மேல் ஆசை வைத்த பெண்பிள்ளைக்கும் வேண்டியிருந்தது ரயில்தான், கரிய நிறத்தில், ஊரைத் தாண்டிப் போகிறதே அந்த ரயில். அவளைக் கேட்காமலே அவளுக்கு என்ன பிடிக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த ரோஜா ரயில் அபூர்வப் பொருளாகிச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அது வேறு கதை. விற்க வேண்டிய காலத்தில் அது அலமாரியில் தங்கியது.

இரண்டுமே புதுமை. பால் வண்டி, ரயிலை நேசிக்கிறவனின் நேசத்தை இன்னும் ஒரு படி வளர்த்தது. ரோஜா ரயில் அந்த நேசத்தை அறியாமல் வெளியே நின்று வண்ணம் பூசியது. புதுமை நிற்குமா, விழுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்.

அடுத்து இங்கிலாந்து. அங்கே லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி. தன் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட தகரப் பட்டைகளைச் செய்து, 1901இல் காப்புரிமை பெற்று, மெக்கானோ என்று உலகமெங்கும் பரப்பியவர். அவர் பெயரில் 1920இல் சாவி ரயில்கள் வந்தன. 1938இல் டப்ளோ என்ற சிறிய அளவு வந்தது. அதுவும் மூன்று தண்டவாள முறை. போருக்குப் பிறகு எதிர்க்கடையில் ட்ரை-ஆங் என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் மலிவாக, இரண்டு தண்டவாளத்தில் ரயில்கள் வந்து சந்தையைப் பிடித்தன. டப்ளோ 1959இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. புதியவருக்கு அது தாமதம். பழையவருக்கோ வீட்டில் இருப்பதும் கடையில் இருப்பதும் ஒத்துப்போகாத நிலை. இரண்டு பேர் மனமும் கோணியது. 1964இல் அந்த நிறுவனம் போட்டியாளரின் கைக்கே போய்விட்டது. ஒரு காரணத்தால் மட்டும் ஒரு நிறுவனம் விழுவதில்லை. ஆனாலும் இந்தத் தேதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பச்சை ரயில் நினைவுக்கு வரும்.

பிறகு ஹார்ன்பி என்ற பெயர் மறுபடி எழுந்து நின்றது. 2001இல் ஹாரி பாட்டர் படம் வந்தபோது அந்தப் படத்து ரயிலைப் போட்டார்கள். படத்தில் ஓடிய எஞ்சின் உண்மையில் ‘ஹால்’ வகை. அதன் பக்கவாட்டில் ‘ஹாக்வார்ட்ஸ் காஸில்’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். காஸில் என்பதோ வேறொரு வகை எஞ்சினின் பெயர் வரிசை. ஆர்வலர்கள் இதைக் கண்டுபிடித்துப் பேசித் தீர்த்தார்கள். ஆனால் அந்தச் சிவப்பு ரயில் ஓடியது அவர்களுடைய அதே தண்டவாளத்தில்தான். படத்துக்காக வாங்கிய பிள்ளைகளில் பத்தில் ஒருவன் தண்டவாளத்துக்காகத் திரும்பி வந்தால் போதும், பெரியவர்களுக்கு நுணுக்கமான எஞ்சின் செய்ய வழி பிறக்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு எஞ்சின் மாதிரி செய்வதற்கு எஃகில் அச்சு வெட்ட வேண்டும். செலவெல்லாம் அந்த அச்சில்தான். அச்சு தயாரான பிறகு அதில் விழும் பிளாஸ்டிக்குக்கு ஆகும் காசு சொற்பம். ஆகவே ஆயிரம் பேர் மட்டும் கேட்கிற அபூர்வ எஞ்சினுக்கு அச்சு வெட்ட யாரும் துணிய மாட்டார்கள். துணிய வேண்டுமானால் வேறெங்காவது பணம் வர வேண்டும். படத்து ரயிலும் பண்டிகை ரயிலும் அந்தப் பணத்தைக் கொண்டுவருகின்றன. 2004இல் போலார் எக்ஸ்பிரஸ் படம் வந்தது முதல் லயனலுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அப்படித்தான் நிறைகிறது. வேடிக்கை ரயிலைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆர்வலர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனமும் ஒன்றை நினைக்க வேண்டும். 2013 வாக்கில் ஹார்ன்பி செலவைக் குறைக்க ஒரு வழி பார்த்தது. எஞ்சின் பக்கவாட்டில் டிரைவர் பிடித்து ஏறும் கைப்பிடிக் கம்பி இருக்கிறது அல்லவா, அதைத் தனிக் கம்பியாகச் செருகாமல் உடலோடு சேர்த்தே அச்சில் வார்த்தார்கள். கையளவு எஞ்சினில் அது ஒரு நூலிழை. புதியவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பழையவர்கள் பொறுக்கவில்லை. கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெளிச்சம் எங்கே என்று கேட்டார்கள். நிறுவனம் அந்தப் போக்கைக் கைவிட வேண்டிவந்தது. நூலிழை வெளிச்சத்துக்கு இவ்வளவு சண்டையா என்று சிரிக்க வேண்டாம். கோயில் சிற்பத்தில் விரலுக்கும் விரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் குடைந்த சிற்பியின் ஊர்க்காரர்கள் நாம். அந்த வெளிச்சத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்.

நம் பாதைக்கு வருவோம். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இல் திறந்தது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று மீட்டர் கேஜில் முக்கால் நூற்றாண்டு ஓடியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அகலப் பாதையானது. 1000 மில்லிமீட்டர் 1676 ஆனது. ஊருக்கு நன்மைதான், மறுக்கவில்லை. சென்னைக்கு நேராகப் போகிறோம், வேகமாகப் போகிறோம். ஆனால் பாதை அகலமான அன்றைக்கு, அதில் ஓடிய எஞ்சினும் பெட்டியும் ஒன்றுகூட இங்கே மிஞ்சவில்லை. பாதை மாறினால் அதன் மேல் ஓடிய காலமே இறங்கிப் போய்விடும். நிஜ ரயிலுக்குத் தேவை பெரிது, ஆகவே அந்த விலையைக் கொடுத்தோம். பொம்மை ரயிலுக்கு அப்படி என்ன அவசரம்? நிஜத்தில் இழந்ததைக் கையளவில் காப்பாற்றத்தானே அது இருக்கிறது?

தமிழ்நாட்டு ரயில் ஒன்று உலகப் பொம்மைக் கடைகளுக்குப் போன கதையையும் சொல்கிறேன். தாமஸ் என்ற நீல எஞ்சினைப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2016இல் வந்த தாமஸ் படத்தில் அஷிமா என்று இந்திய எஞ்சின் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் பூக்கோலம். அந்த அஷிமாவின் உருவம் நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்.

அந்த எஞ்சினைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் சிலிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஒரு சோடி சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். இன்னொரு சோடி, தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் பல்சக்கரத்தை ஓட்டும். கல்லாறு தாண்டியதும் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அந்த எஞ்சினை, புதிதாக நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்திருக்கிறார்கள். 2005இல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அஷிமா பொம்மையில் அந்த இரட்டைச் சிலிண்டரின் நுணுக்கத்தையோ பற்சட்டத்தையோ ஆர்வலர் தேடினால் ஏமாந்துதான் போவார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உதகையைக் கேள்விப்படாத ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளை நம் எஞ்சினைக் கையில் வைத்து உருட்டுகிறது. அது பெரிய காரியம். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, இந்த எஞ்சின் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று கேட்கும் நாளில் கொடுக்க அடுத்த படியில் ஒன்று இருக்க வேண்டும். புதுமை ஒரு வாசல். வாசலுக்குப் பின்னால் வீடு கட்டாமல் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு, விடையை நம் வீட்டிலேயே காட்டப் போகிறேன். கொலு. படி வைக்கிறோம். மேலே மரப்பாச்சி, பாட்டி கல்யாணத்துக்கு வந்தது, கறுத்து வழவழத்துப் போயிருக்கும். தசாவதாரம், கல்யாண ஊர்வலம், கடை வைத்த செட்டியார். இவை மாறா. ஆனால் நம் பெரியவர்கள் இன்னொரு வழக்கமும் வைத்தார்கள்: வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கி வைக்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய தசாவதாரமும் செய்கிறார்கள், வருஷத்துக்கு வருஷம் புதிதாகவும் செய்கிறார்கள். 2023இல் சந்திரயான் நிலவில் இறங்கியது, அந்த நவராத்திரிக்கே கொலுப் படியிலும் இறங்கியது. மரப்பாச்சிக்கு வருத்தமில்லை. ராக்கெட்டுக்குக் கூச்சமில்லை. ஏனென்றால் படி அதே படி.

கடைக்கோடியில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டுப் பூங்கா வைக்கிறோமே, அங்கே எத்தனையோ வீடுகளில் ஒரு ரயில் ஓடுகிறது. தமிழ் வீட்டில் மாதிரி ரயிலுக்கு இடம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பூங்காவைக் காட்டுவேன்.

ஆகவே செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. புதிதாகச் செய்யுங்கள், வருஷா வருஷம் செய்யுங்கள். வந்தே பாரத் வேண்டுமா, போடுங்கள். அது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பிறந்த ரயில், பிள்ளைகள் கேட்பது நியாயம். ஆனால் போன வருஷம் வாங்கியவனின் தண்டவாளத்தில் அது ஓடட்டும். நிறத்திலும் வடிவத்திலும் நிஜத்துக்கு நன்றியோடு இருக்கட்டும். முப்பது வருஷமாக வாங்குகிறவர் ஒரு கைப்பிடிக் கம்பிக்காக எழுதும் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். உங்கள் பொருளை உங்களைவிட உற்றுப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

ஆர்வலர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரனுக்கு வேடிக்கை ரயில் வாங்க வந்தவரைக் கடையில் ஏளனமாகப் பார்க்காதீர்கள். அவர் கையில் இருக்கும் டப்பாதான் நாளை உங்களுக்கு வேண்டிய எஞ்சினுக்கு அச்சு வெட்டும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. மாதிரி ரயில்களில் உலகம் முழுக்கப் பரவிய ஓர் அளவு, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. நம் பழைய மீட்டர் கேஜ் பாதையை அந்த அளவுக்குச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடைகளில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது. சரியாகச் சொன்னால் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். என் நெல்மணியைவிடக் குறைவு! அட்டையும் பசையும் ஸ்கேலும் போதும், ஒரு பெட்டியை வெட்டி ஒட்டிவிடலாம். ராஜபாளையத்தில் பெரியவர்களைக் கேளுங்கள், அந்தக் காலத்து ரயில் என்ன நிறம், ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று சொல்வார்கள். வருகிற நவராத்திரிக்கு உங்கள் வீட்டுப் பூங்காவில் அந்த ரயில் நிற்கட்டும். ரயிலே வராத பிளவக்கல்லுக்கு, ராஜபாளையத்தைவிட்டுப் போன ரயில் வந்து சேரட்டும்.

என் வீட்டுக் கொலுவில் அப்பா வாங்கிக் கொடுத்த தகர ரயில் இன்னும் இருக்கிறது. சாவி சுற்றினால் ஒன்றரைச் சுற்றுதான் ஓடும். பச்சை ரயிலையும் வைத்திருக்கிறேன். அதற்கென்று ஒரு தண்டவாளம் எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அறுபது வருஷமாக அது படியில் நிற்கிறது, ஒரு நாளும் ஓடியதில்லை. இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஒரு ரயில் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நேரம் பேசினேன்.